‘ஊரே விலைபோனது’ என்று எழுதினேன், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

சேலத்தை ஒட்டிய ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் எழுதியிருக்கிறார். பெயர், கல்லூரி, கட்சி மூன்றையும் எடுத்துவிட்டேன். கட்சியை எடுத்ததில் கடிதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. எந்தக் கட்சியின் பெயரை அந்த இடத்தில் வைத்தாலும் அப்படியே பொருந்துகிறது.

மாணவர்களே நடத்தும் நாலு பக்க மாத இதழில் இவர் பத்தி எழுதுகிறார். தேர்தலுக்குத் தன் கட்சிக்காக இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியவர், வாக்குச்சாவடி முகவராகவும் உட்கார்ந்தவர். வேட்பாளர் தோற்றுவிட்டார். முடிவு வந்த இரவே ‘ஊரே விலைபோனது’ என்று ஒரு பத்தி எழுதினார். அடுத்த வாரம் அது அச்சாகி விடுதி, நூலகம், கேன்டீன் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. பத்தியில் நான்கு விஷயங்கள். சேலத்து மக்கள் பணத்துக்கு ஓட்டை விற்றார்கள். வாக்கு இயந்திரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. எதிர்க்கட்சி வார்டு செயலாளர் ஒருவர், பெயரோடு, கவரில் பணம் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார். நான்காவது, ‘மலைக்காரர்களுக்கு அரசியல் என்ன தெரியும், ஒரு பொட்டலம் பிரியாணி போதும்’ என்ற ஒரு வரி.

வார்டு செயலாளர் 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு, 15 நாளில் மன்னிப்புக் கேட்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கல்லூரி முதல்வர் மிச்சப் பிரதிகளை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ‘பொய்யாகவும் அவதூறாகவும் எழுதினேன், இனி அரசியல் எழுதமாட்டேன்’ என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் டிசி என்கிறார். பதில் பத்தி எழுதி வைத்திருந்த எதிர்க்கட்சி நண்பரின் கட்டுரையும் இதோடு முடங்கிவிட்டது. மாணவர் கேட்பது மூன்று: எனக்குக் கருத்துச் சுதந்திரம் இல்லையா? ஜெயிலுக்குப் போவேனா? மன்னிப்புக் கேட்கலாமா? கடிதத்தின் கடைசியில், கேள்வியாக இல்லாமல், ஒரு வரி இருக்கிறது: ‘ஏற்காட்டைச் சேர்ந்த என் ரூம்மேட் வேறு அறைக்கு மாறிவிட்டான், அவனுக்கு எப்போதுமே அரசியல் பிடிக்காது.’

தம்பி, பத்தியின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. இரண்டு முறை படித்தேன். நோட்டீஸைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ரூம்மேட்டைப் பற்றி ஒரே வரி. சட்டம் தெரிந்த கண்ணோடு படித்தால் உங்களுக்கு ஆபத்து அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பயம் குறைவான இடங்கள்.

ஊர் உங்கள் மேல் வழக்குப் போடுமா?

போட முடியாது. அவதூறு இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இருக்கிறது. 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. ஆனால் அவதூறு என்றால் இன்னாரை என்று சுட்டிக்காட்ட முடிய வேண்டும். ‘சேலத்து மக்கள்’ என்றால் யார்? லட்சக்கணக்கான பேரில் ஒருவர் எழுந்து, ‘என்னைத்தான் சொன்னான்’ என்று நீதிமன்றப் படி ஏற முடியாது.

இந்த விதியை உறுதிப்படுத்திய ஒரு தீர்ப்பு நம் ஊரிலிருந்தே கிளம்பியது என்பது உங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. அதில் நிறைவேறிய ஒரு தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டார்கள் என்று மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் தி இந்து நாளிதழ் மீது அவதூறுப் புகார் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநாடு என்பது இன்னார் இன்னார் என்று வரையறுக்கக்கூடிய கூட்டம் அல்ல, ஆகவே இவர் பாதிக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது என்று 1972-ல் புகாரை ரத்து செய்தது. ஜி. நரசிம்மன் எதிர் டி.வி. சொக்கப்பா. இன்றைக்கும் அவதூறு வழக்குகளில் அடிக்கடி எடுத்துப் போடப்படும் தீர்ப்பு அது.

அதே மாநாட்டின் ஊர்வலத்தில் இந்துக் கடவுள்களை அவமதித்தார்கள் என்று சொல்லி, அடுத்து வந்த தேர்தலில் தி.மு.க.வுக்கு எதிராகப் பெரிய பிரச்சாரமே நடந்தது. கடைசியில் தி.மு.க. 234-ல் 184 இடங்களில் ஜெயித்தது. தோற்ற தரப்புக்கு அன்றைக்கும் மக்கள் மேல் கோபம் இருந்திருக்கும்.

ஆக, சட்டப்படி ஊரைத் திட்டலாம். திட்டியது சரியா என்பது தனி. ‘சேலம் எப்போதுமே விலைபோகிற ஊர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் சேலம் தி.மு.க.வுக்குப் போனது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலமே தி.மு.க. பக்கம் திரும்பியபோது, சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின, சேலம் வடக்கு மட்டும் தி.மு.க.வுக்கு. 2024 மக்களவையில் மறுபடி தி.மு.க. இதில் எந்த வருடம் விலைபோனார்கள், எந்த வருடம் திருந்தினார்கள்? உங்கள் பத்தியின்படி, நீங்கள் ஜெயித்த வருடங்களில் மட்டும் திருந்தியிருக்கிறார்கள்.

ஓட்டுக்குப் பணம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் தள்ளிவைக்கப்பட்டதும், 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானதும் பணத்தால்தான். ஆனால் பணம் வாங்கியவர் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு மூன்றாவது ஆளுக்குப் போட்டவர்களை நான் என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

இயந்திரம் பற்றிய வரியில் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை, அதில் கற்பனைதான் கொஞ்சம் பழையது. 1971-ல் தெற்கு டெல்லியில் தோற்ற பல்ராஜ் மதோக், வாக்குச் சீட்டுகளில் ரசாயன மை தடவப்பட்டிருந்தது, வாக்காளர் குத்திய முத்திரை தானாக மறைந்து வேறு சின்னத்தில் முத்திரை தோன்றியது என்று வழக்குப் போட்டார். சில சீட்டுகளைப் பரிசோதிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தேர்தல் முடிவு மாறவில்லை. காகிதம் போய் இயந்திரம் வந்தாலும் தோற்றவர் சந்தேகம் இடம் மாறவில்லை. தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது 2001 சட்டமன்றத் தேர்தலில். அதற்குப் பிறகு அதே இயந்திரங்கள் இரண்டு பெரிய கட்சிகளையும் ஆட்சியில் ஏற்றியிருக்கின்றன, இறக்கியும் இருக்கின்றன.

உண்மையாகவே சந்தேகம் இருந்தால் அதற்கு வழி உண்டு. முகவராக உட்கார்ந்த உங்களுக்கு வாக்குப்பதிவு முடிந்ததும், அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தின் நகல் கிடைத்திருக்கும். அதில் உள்ள எண்ணிக்கையும் எண்ணும் மேசையில் வந்த எண்ணிக்கையும் ஒத்துப்போனதா? அதைப் பற்றி பத்தியில் ஒரு வார்த்தை இல்லை. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதி வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். கட்ட வேண்டிய வைப்புத் தொகை 2,000 ரூபாய்தான். ஆதாரம் இருந்தால் யோசியுங்கள். இல்லாவிட்டால் அந்த வரியை இனி எங்கேயும் எழுதாதீர்கள்.

பெயர் சொன்ன இடம்

வார்டு செயலாளர் விஷயம் வேறு. இங்கே ஆள் இருக்கிறார், பெயர் இருக்கிறது, செய்ததாகச் சொன்ன காரியம் ஒரு குற்றம். ‘இது கருத்துதானே மேடம்’ என்று கேட்கிறீர்கள். இல்லை தம்பி. ‘அவர் மோசமான அரசியல்வாதி’ என்றால் கருத்து. ‘அவர் கவர் கொடுத்தார்’ என்றால் தகவல். தகவலுக்குச் சாட்சி வேண்டும்.

உண்மை என்பது அவதூறுக்கு நல்ல பாதுகாப்பு, கூடவே பொது நலனுக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். தேர்தல் லஞ்சத்தை வெளியே சொல்வது பொது நலன் என்று வாதிடுவதில் எனக்குச் சிரமம் இருக்காது. உண்மை என்று காட்டுவதில்தான் சிரமம். கடிதத்தில் நீங்கள் கொடுக்கும் ஒரே ஆதாரம் ‘எல்லோருக்கும் தெரியும்’ என்பது. எல்லோரையும் கூண்டில் ஏற்ற முடியாது. அன்றைக்கே படம் எடுத்து, தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜிலில் ஏற்றியிருந்தால் இன்று பேச்சே வேறு.

அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் வழக்கு ஆகிவிடாது. அவதூறில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்ய முடியாது. அவர் நேரே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-வது பிரிவுப்படி, புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம்தான். 10 லட்சம் என்பது நோட்டீஸில் எழுத எளிதான எண். அந்தத் தொகைக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் அவர்தான் முதலில் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும்.

பதில் மட்டும் போடாமல் இருக்காதீர்கள். கெடுவுக்குள் ஒரு வக்கீல் மூலம் சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள்: குறிப்பிட்ட நபரைப் பற்றிய வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறோம், அடுத்த இதழில் அதே பக்கத்தில் வெளியிடுகிறோம், நஷ்டஈட்டுக் கோரிக்கையை மறுக்கிறோம். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பிரியாணிப் பொட்டலம்

இப்போது அந்த ஒரு வரி.

‘மலைக்காரர்கள்’ என்று எழுதினால் சாதிப் பெயர் சொன்னதாகாது என்று நினைத்திருக்கலாம். சேலத்தில் உட்கார்ந்து சேர்வராயன் மலையைச் சொல்லும்போது வாசிப்பவர் மனதில் வருவது அங்கே காலங்காலமாக இருக்கும் மலையாளி பழங்குடி மக்கள்தான் (கேரளத்து மலையாளிகள் அல்ல). ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி என்பதையும் அதே பத்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது எழுத்தாலோ பேச்சாலோ வெறுப்பையோ பகையையோ தூண்டுவது தனிக் குற்றம். அவதூறில் உங்களைக் காப்பாற்றுகிற ‘குறிப்பாக யாரையும் சொல்லவில்லை’ என்ற வாதம் இங்கே அதே அளவு கைகொடுக்காது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். முன்ஜாமீனுக்கும் அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவு தடை போடுகிறது. உங்கள் வரி அந்தப் பிரிவுக்குள் நிச்சயம் விழும் என்று நான் சொல்லமாட்டேன். நோக்கம், வார்த்தை, சூழல் எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் ஒரு வக்கீலாக என்னிடம் கேட்டால், 10 லட்சம் நோட்டீஸைவிட இந்த வரியைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அந்த வரி தவறான தகவல். ஏற்காடு தொகுதி மலையோடு முடிவதில்லை. வாழப்பாடி உட்படக் கீழே எத்தனையோ ஊர்கள் அதில் அடக்கம். அங்கே ஒருவர் ஜெயித்தால் அது மலை மட்டும் கொடுத்த வெற்றி ஆகாது. ‘அரசியல் என்ன தெரியும்’ என்கிறீர்கள். தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதல்முதலில் வந்தது 2013 டிசம்பரில், அதே ஏற்காடு இடைத்தேர்தலில். உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், நிற்கிறவர் யாரும் வேண்டாம் என்று அழுத்தினார்கள். பிரியாணிக்குப் போடுகிறவர் எதற்காக மெனக்கெட்டு அந்தப் பொத்தானைத் தேட வேண்டும்?

உங்கள் ரூம்மேட்டுக்கு அரசியல் பிடிக்காது என்பது உங்கள் யூகம். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறீர்கள், அவர் வீட்டில் யார் எதற்குப் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கட்சிக்கே போட்டிருக்கலாம்.

இதை நான் கொஞ்சம் பட்டுத்தான் சொல்கிறேன். 1996 தேர்தல் முடிந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில், சோற்றுக்கு மானம் விற்றவர்கள் என்று மக்களைத் திட்டி எட்டு வரிக் கவிதை ஒன்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று வீட்டுக்கும் கொண்டுபோனேன். அம்மா அப்போது செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். படித்துவிட்டு, “நானும் அந்தச் சின்னத்துலதான் குத்தினேன். எனக்கு யாரும் சோறு போடலையே” என்றார். அப்புறம் மாவு கரைக்கப் போய்விட்டார். எங்கள் வீடே ஒரே கட்சி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அந்தப் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான். உங்களுடையது அச்சில் வந்துவிட்டது.

ரூம்மேட்டிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். சொல்ல வேண்டியது, எழுதியது தப்பு என்பது மட்டும். ‘ஆனால் நான் உன்னைச் சொல்லவில்லை’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, ‘எனக்கு வருத்தம் இல்லை’ என்று அவரிடம் எழுதி வாங்கவோ, புகார் கொடுக்காதே என்று நண்பர்களை விட்டுச் சொல்லவோ செய்யாதீர்கள். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் உரிமை. அதில் கை வைத்தால் இப்போது இல்லாத வழக்கு உண்டாகிவிடும்.

கல்லூரி விஷயம்

கருத்துச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 19-வது பிரிவு உங்களுக்கும் உண்டு, வகுப்பறை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கிற சமாச்சாரம் இல்லை அது. அதே நேரம், கல்லூரி பெயரில், கல்லூரி செலவில் வரும் இதழில் எதைப் போடுவது என்று தீர்மானிக்க நிர்வாகத்துக்கும் ஓரளவு இடம் உண்டு. இதழை ஒரு மாதம் நிறுத்தி வைப்பதை எதிர்த்து நான் பெரிதாக மல்லுக்கட்டமாட்டேன். டிசி என்பது வேறு. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரித்த பிறகுதான் அப்படி ஒரு நடவடிக்கையை யோசிக்கவே முடியும். வாய்மொழியாக மிரட்டினால், ‘எழுத்தில் கொடுங்கள் சார், பதில் தருகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அங்கெல்லாம் கேட்காவிட்டால் உயர் நீதிமன்றம். உதவி பெறும் கல்லூரி என்பதால் ரிட் மனு போட வழி உண்டு. ஆனால் முதல்வர் அறையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விஷயத்துக்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம்.

அவர் நீட்டும் கடிதத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ‘பொய்யாகவும் அவதூறாகவும் எழுதினேன்’ என்ற வரி நாளைக்கு வார்டு செயலாளர் வக்கீலின் கைக்குப் போனால் அதுவே சாட்சி ஆகிவிடும். ‘இனி அரசியல் எழுதமாட்டேன்’ என்று எழுதிக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. அதற்குப் பதிலாக நீங்களே ஒரு கடிதம் கொடுங்கள். ஆதாரம் இல்லாமல் ஒருவர் பெயரைச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், மலை மக்களைப் பற்றிய வரிக்கு நிபந்தனை இல்லாமல் வருத்தம் தெரிவிக்கிறேன், இரண்டையும் அடுத்த இதழில் என் பெயரிலேயே வெளியிட அனுமதி கேட்கிறேன் என்று. தட்டச்சு செய்ததும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். தேர்தல் முடிவு பற்றிய உங்கள் அரசியல் கருத்துக்கு மன்னிப்புத் தேவையில்லை. அதே கடிதத்தில், எதிர்க்கட்சி நண்பரின் பதில் பத்தியையும் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். முதல்வருக்கு அதுவே பாதி சமாதானம்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: உங்கள் பக்கத்து மூன்று சாவடிகளில் மதியத்துக்கு மேல் உங்கள் கட்சி முகவர் யாருமே இல்லை, சாப்பிடப் போனவர்கள் திரும்பவில்லை, கேட்டதற்கு ‘எப்படியும் ஜெயிச்சிடுவோம்’ என்றார்களாம். முழு இரவு உட்கார்ந்து எழுதிய பத்தியில் இது இல்லை. அச்சிட வேண்டியிருந்தது இதுதான். யார் பெயரும் வேண்டாம், நீங்கள் கண்ணால் பார்த்தது, எந்த வக்கீலும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. கட்சிக்காரர்கள் கோபப்படுவார்கள், அது உங்கள் பாடு.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பத்தியின் படத்தை இன்னும் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நோட்டீஸ் வந்த கவரையும் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி தேவைப்படும். உங்களுக்கு இருபது வயது, பதில் நோட்டீஸுக்கு அப்பா கையெழுத்து வேண்டியதில்லை. ஆனாலும் வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த தபால் வரும்போது நீங்கள் விடுதியில் இருப்பீர்கள், கையெழுத்துப் போட்டு வாங்கப் போவது அவர்தான்.